கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

சர்வர் ஏறிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குகின்றன, இன்னும் நாற்பது வினாடி ஆகும், எப்போதும் நாற்பது வினாடிதான், எண்ணிப் பார்த்திருக்கிறேன். மணி பத்து இருபது. வைதேகி மேடம் முதல் வரிசையில் மூன்றாவது ஆளிடம் இருக்கிறார். எங்களைச் சோதிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து காலையில்தான் வந்தார். ஒரு ஆளுக்கு எட்டு நிமிஷம். எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். நான்கெட்டு முப்பத்திரண்டு. அதற்குள் அந்த வரியைத் திரும்பப் போட்டுவிடலாம். முப்பத்திரண்டு நிமிஷத்தில் ஒரே ஒரு வரி, ஒரு சொல், முன்னால் மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுழிக்குறி, அவ்வளவுதான். கை சும்மா இருக்கிறது. ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது, அம்பத்தூர் வெயிலில் நடந்து வந்த வியர்வை முதுகில் குளிர்ந்து ஜாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் நூர்ஜஹான், வாணியம்பாடிக்காரி, ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பவும் வேலைக்கு வந்தவள், எங்கள் முப்பது பேரில் எனக்கு அடுத்தபடி வயதானவள், திரையைப் பார்த்தபடியே உதட்டை அசைக்காமல் சொல்கிறாள், "மங்கைக்கா, அந்த வரியைப் போட்டுருங்க. பாஸ் பண்ணிட்டு அப்புறமா அழிச்சுக்கங்க. யாரு கேக்கப் போறா?" யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான். யாருமே கேட்கவில்லை, இத்தனை வருஷமாக.

நாற்பத்தொரு வயதில் ஜாவா படிக்க வந்தவள் நான். மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். காலையில் இயந்திரங்களைப் போட்டுவிடுவேன், சாயங்காலம் அணைத்துவிடுவேன், நடுவில் பிள்ளைகள் எழுதும் சின்னச் சின்ன புரோகிராம்களில் எங்கே அரைப்புள்ளி விட்டுப்போயிற்று என்று தோளுக்குப் பின்னால் நின்று சொல்வேன். அந்தத் துறையையே மூடினார்கள். அண்ணன் வீட்டில் தண்ணீர் மோட்டார் இருக்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது, காலை ஐந்து மணிக்கு மோட்டார் போடுவார்கள், கட்டில் நடுங்கும். அங்கே திரும்பிப் போகக் கூடாது. இந்தக் கம்பெனி இடைவெளி விட்டவர்களை எடுத்து மூன்று மாதம் பயிற்சி கொடுக்கிறது என்று விளம்பரம் பார்த்து வந்தேன். வந்த முதல் நாளே அருள்செழியன், எங்கள் பயிற்சியாளர், வயது இருபத்தேழு இருக்கும், நல்ல பையன், கோபப்படவே மாட்டான், பெரிய திரையில் ஒரு கட்டடம் மாதிரிப் படம் வரைந்தான். மேலே பக்கம், அதன் கீழே கன்ட்ரோலர், அதன் கீழே சர்வீஸ், அதன் கீழே ரெப்பாசிட்டரி, எல்லாவற்றுக்கும் அடியில் டேட்டாபேஸ். "பெரிய கம்பெனிகளோட வெப் அப்ளிகேஷன் எல்லாமே இந்த மாதிரி மாடி மாடியாத்தான் இருக்கும். ஒவ்வொண்ணாச் சொன்னாப் புரியாது. ஒரு மாதிரி அப்ளிகேஷனை எடுத்துக்கிட்டு அதுலயே எல்லாத்தையும் படிச்சுக்கலாம்" என்றான். அந்த மாதிரி அப்ளிகேஷன் ஒரு ஆஸ்பத்திரி. நோயாளியைப் பதிவு செய்ய ஒரு பக்கம், டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்க ஒரு பக்கம், அட்டை அச்சடிக்க ஒரு பக்கம். எத்தனையோ இருக்க, ஒரு கடையாக இருந்திருக்கலாம், ஒரு நூலகமாக இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க வேண்டுமா?

ஏறிவிட்டது. பதிவுப் பக்கம் வந்துவிட்டது. முதல் கட்டம் முதற்பெயர். இரண்டாவது கட்டம் கடைசிப் பெயர். முதல் வாரம் எல்லோரும் அவரவர் பெயரைப் போட்டுச் சோதித்தோம். மங்கையர்க்கரசி என்று அடித்தேன், இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டேன், ஏனென்றால் எனக்கு இரண்டாவது கிடையாது. முன்னால் ஒரு கு, அது அப்பா குஞ்சிதபாதம், அவர் பெயர் அவருடையது, எனக்கு அதில் ஒரு எழுத்துதான் பங்கு. பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் வந்தது: கடைசிப் பெயர் கட்டாயம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அருள்செழியன் வந்து பார்த்தான். "அப்பா பேரைப் போட்டுருங்கக்கா. இல்லைன்னா ஒரு புள்ளி வச்சிருங்க, ஏத்துக்கும்." புள்ளி. "சார், இது எனக்கு இல்லையே. இல்லாததை எப்படிப் போடறது?" சிரித்தான், கேலியாக இல்லை, உண்மையாகவே. "இது சாம்பிள்தானேக்கா. நிஜமான நோயாளி யாரு வரப்போறா?" இது சாம்பிள்தானேக்கா. மூன்று மாதமாக அந்த வாக்கியம் பல்லில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேதான் போய்ப் போய் நிற்கிறது. சாம்பிள்தானே. நிஜமான நோயாளி யார் வரப்போகிறார். நான் வந்தேன் சார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் காலை பதினொரு மணிக்கு நான் வந்தேன்.

அதை நினைக்கக் கூடாது இப்போது. மேடம் இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டார். நினைக்கக் கூடாது என்றால் புடவைதான் முதலில் வருகிறது, நீலத்தில் வெள்ளைக் கட்டம், தொடையோடு ஈரம், நிற்க நிற்க ஈரம் கீழே இறங்குகிறது, நான்காம் மாசம், கவுன்டர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். என்னோடு யாரும் இல்லை. வீட்டுக்காரர் சேரலாதன் இரண்டாம் மாசமே விட்டுப் போய்விட்டார், இன்னொருத்தியோடு ஓசூரில் இருக்கிறார் என்று அவருடைய அக்காவே சொன்னாள். கவுன்டரில் இருந்த ஆள், நெற்றியில் சந்தனம், கெட்டவன் இல்லை, முகத்தில் பதற்றம்கூட இருந்தது. "பேரு சொல்லுங்கம்மா." சொன்னேன். "பின்னால பேரு?" "அவ்ளோதான் சார்." அடித்துப் பார்த்தான். தலையை ஆட்டினான். "கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குதும்மா. வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க, அட்டை வந்தாத்தான் உள்ள விடுவாங்க." அப்பா பெயரைச் சொல்லியிருக்கலாம், எவ்வளவோ நாள் இதையே நினைத்திருக்கிறேன், அப்பா பெயரைச் சொல்லியிருக்கலாமே, ஆனால் அந்த நேரத்தில் அந்த ஆள் கேட்டது ஒன்றைத்தான், எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். சேரலாதன். வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் கொடுத்த காகிதத்தில், பிள்ளை இல்லை என்று எழுதிய அந்தக் காகிதத்தில், மங்கையர்க்கரசி சேரலாதன் என்று அச்சாகியிருந்தது. அந்தப் பிள்ளை இருந்ததற்கு உலகத்தில் அந்த ஒரு காகிதம்தான் சாட்சி, அதிலும் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மூச்சு. மூச்சை விடு. நூர்ஜஹான் முழங்கையால் இடிக்கிறாள், தண்ணீர் பாட்டிலை நகர்த்துகிறாள். "உங்களுக்கு மட்டுமா அக்கா இப்படி? எங்க வீட்ல ஆளுக்கு நாலு அட்டை, நாலுலயும் நாலு பேரு. பழகிடுச்சு." பழகிடுச்சு. எனக்கும்தான் பழகியிருந்தது, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றால் சரி என்று பதினான்கு வருஷம் நானும் நம்பினேன், லேபில் முப்பது இயந்திரங்களோடு இருந்துகொண்டு நம்பினேன், அதுதான் எரிகிறது. இங்கே வந்துதான் பார்த்தேன். நோயாளி என்று ஒரு ஃபைல், அதில் கடைசிப் பெயர் என்று ஒரு வரி, அதற்கு மேலே சுழிக்குறியோடு ஒரு சொல்: காலியாக இருக்கக் கூடாது. அந்த ஒரு சொல். ஏற்றுக்கொள்ளாதது கம்ப்யூட்டர் இல்லை. யாரோ ஒரு ஆள், எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவனுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இரண்டு பெயர் இருந்ததால், டீ குடித்துக்கொண்டே அடித்த ஒரு சொல். அதை நான் அழித்தால் போய்விடும். அழித்தேன். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, திருடுகிற மாதிரி அழித்தேன். சர்வரை நிறுத்தி ஏற்றினேன். காலியாக விட்டு அழுத்தினேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. அடியில் டேட்டாபேஸும் அதே பிடிவாதம் பிடித்தது, அங்கேயும் ஒருவன் காலி கூடாது என்று எழுதி வைத்திருந்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள். அதைத் தளர்த்தினால் பதிவு ஆயிற்று, ஆனால் அட்டையை அச்சடித்தால் மங்கையர்க்கரசி நல் என்று வந்தது. நல் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஒன்றுமில்லையை ஒரு பெயராக அடித்துக் கொடுத்தது. சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு நாள். பிறகு தேடிப் பார்த்தால் பட்டியலில் நானே இல்லை. பதிவாகியிருக்கிறேன், அட்டை இருக்கிறது, தேடினால் காணோம், ஏனென்றால் தேடுதல் கடைசிப் பெயரை வைத்து நடக்கிறது. அதற்கு நான்கு நாள், நான்கு நாளும் ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த எட்டாவது நாளில் திடீரென்று எனக்குத் தெரிந்தது, அருள்செழியன் முதல் நாள் வரைந்த அந்த மாடிக் கட்டடம் முழுக்க நான் நடந்திருக்கிறேன். என் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்து கன்ட்ரோலருக்கு, கன்ட்ரோலரிலிருந்து சர்வீஸுக்கு, அங்கிருந்து கீழே, கீழேயிருந்து திரும்ப மேலே, எந்தப் படியில் எது வழுக்கும் என்று காலுக்குத் தெரியும். வகுப்பில் மற்றவர்கள் புத்தகத்தில் சொன்னபடி அடித்தார்கள், ஓடியது, அடுத்த பாடத்துக்குப் போனார்கள். எனக்கு ஓடவில்லை. ஓடாததால்தான் படித்தேன்.

"அக்கா." அருள்செழியன் பின்னால் வந்து குனிந்திருக்கிறான், பவுடர் வாசனை. "திரும்பப் போட்டுட்டீங்களா?" இல்லை என்று தலையாட்டுகிறேன். அவன் முகத்தில் நிஜமாகவே வலி. "அக்கா, மேடம் அவங்க கொண்டு வந்த டெஸ்டைத்தான் ஓட்டுவாங்க. இருபத்திரண்டு டெஸ்ட். ஏழாவது, கடைசிப் பேரைக் காலியா விட்டா எர்ரர் வரணும். உங்களுக்கு வராது. ஒண்ணு சிவப்பானாலும் தேறலைன்னு எழுதிடுவாங்க. இந்த பேட்ச்சுக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. நான் சொல்றது கேக்குதா?" கேட்கிறது. மோட்டார் சத்தமும் கேட்கிறது, ஐந்து மணிக்குக் கட்டில் நடுங்குவதும் தெரிகிறது. "நீங்க வேணும்னா உங்க பேருக்கு மட்டும் ஒரு புள்ளி..." "சார், உங்க பேரு?" அவன் விழிக்கிறான். "அருள்செழியன் முருகவேள்." "உங்களுக்கு ஒரு தடவையாவது புள்ளி வச்சிருக்காங்களா?" மேடம் எனக்கு முந்தின ஆளிடம் வந்துவிட்டார், அவன் நகர்ந்துபோகிறான். நான் ஏன் அவனிடம் கடுமையாகப் பேசினேன், அவன் என்ன செய்வான், அவனும் யாரோ எழுதியதை எடுத்து நடத்துகிறவன். பயமாகத்தான் இருக்கிறது. பயம் இல்லை என்றால் பொய். போட்டுவிடு மங்கை. போட்டுவிட்டுப் பிழைத்துக்கொள். போடுவது எவ்வளவு சுலபம் என்று உனக்குத்தான் தெரியுமே, அன்றைக்கும் சுலபமாகத்தான் இருந்தது, ஒரு பெயர், சொன்னவுடன் கதவு திறந்தது.

"மங்கையர்க்கரசி?" வைதேகி மேடம். ஐம்பதை நெருங்கும் வயது, நரையை மறைக்காத தலை, கையில் லேப்டாப். உட்கார்ந்து ஓட்டுகிறார். பச்சை, பச்சை, பச்சை, ஒவ்வொன்றாக விழுகிறது, ஆறு பச்சை, ஏழாவது சிவப்பு, எனக்குத் தெரிந்த சிவப்புதான், ஆனாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. எட்டு முதல் இருபத்திரண்டு வரை பச்சை. மேடம் அந்தச் சிவப்பைச் சொடுக்கிப் பார்க்கிறார். "கடைசிப் பேர்ல செக் விட்டுப்போச்சா?" "விட்டுப்போகல மேடம். எடுத்துட்டேன்." நிமிர்ந்து பார்க்கிறார். அருள்செழியன் அவசரமாக, "மேடம், அவங்க வேற ஒரு முயற்சியா..." என்று தொடங்க, மேடம் கையைக் காட்டி நிறுத்துகிறார். என்னிடம் மெதுவாக, "ஒரு வரிதானே. நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம். வந்து மறுபடி ஓட்டறேன். சரியா?" என்று எழுந்து போய்விடுகிறார். நல்லவர். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். சந்தனம் வைத்த ஆளும் நல்லவன். நூர்ஜஹான் என் விசைப்பலகையையே என் பக்கம் தள்ளிவிடுகிறாள். ஃபைலைத் திறக்கிறேன். கர்சர் அந்த இடத்தில் துடிக்கிறது, ஒரு வெற்று வரி, அதன் கீழே கடைசிப் பெயர். விரல் அந்தச் சுழிக்குறி மேல் இருக்கிறது. சொல்லின் முதல் எழுத்தை அடிக்கிறேன். இரண்டாவது எழுத்தும் அடிக்கிறேன். நீலப் புடவை. கண்ணாடியில் என் கை ரேகை. அன்றைக்கு என் பின்னால் வரிசையில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மறுபக்கம் திருப்பினாள், பார்க்காதே என்று. அவளையும் எவனோ பெயர் கேட்டிருப்பான். சாம்பிள்தானே. ஆமாம், சாம்பிள்தான். இந்த அறையில் முப்பது பேர் இந்தச் சாம்பிளைப் பார்த்துத்தான் படிக்கிறோம், நாளைக்கு இந்த முப்பது பேரும் முப்பது இடத்தில் நிஜமான ஆஸ்பத்திரிக்கும் நிஜமான ரேஷனுக்கும் நிஜமான பள்ளிக்கூடத்துக்கும் எழுதப் போகிறோம், சாம்பிளில் இருந்ததைத்தானே கை தானாக அடிக்கும், அந்தக் கும்பகோணத்துச் சொல்லையும் எவனோ ஒருவன் ஒரு சாம்பிளைப் பார்த்துத்தானே அடித்திருப்பான். சாம்பிள் என்பதால்தான் கூடாது. அடித்த இரண்டு எழுத்தையும் அழிக்கிறேன். அழித்த பிறகும் பயம் போகவில்லை, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

மேடம் வந்து ஓட்டினார். இருபத்தொன்று பச்சை, ஒன்று சிவப்பு. "போடலையா?" "இல்ல மேடம். போட மாட்டேன்." ஏன் என்று கேட்டார். கும்பகோணத்தைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, அது என்னுடையது, மார்க்குக்காக எடுத்துக் காட்டுகிற பொருள் இல்லை. "இருக்கறவங்களைப் பதிவு பண்றதுக்குத்தானே மேடம் அந்தப் பக்கம். என் பேரைப் போட்டா ஏத்துக்கணும். இப்ப ஏத்துக்குது. டெஸ்ட்தான் தப்பு." டெஸ்ட்தான் தப்பு என்று சொன்ன குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அருள்செழியன் கண்ணை மூடிக்கொண்டான். மேடம் கோபப்படவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. "செக்கை எடுத்தா மத்ததெல்லாம் உடைஞ்சிருக்குமே. அட்டை? தேடல்?" "உடைஞ்சுது மேடம்." "எங்கே உடைஞ்சுது, காட்டுங்க." காட்டினேன். ஃபைல் ஃபைலாகத் திறந்து, இங்கே நுழைகிறது, இங்கே கைமாறுகிறது, இங்கே நல் ஒட்டிக்கொண்டது, இங்கே பட்டியலிலிருந்து விழுந்தது என்று. எட்டு நிமிஷம் முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். நூர்ஜஹான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் மேடம், "இதை நான் இப்படி யோசிச்சதில்லை" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. முடிந்ததும் படிவத்தை எடுத்து எழுதினார். தேறவில்லை. எழுத்து தெளிவாகத் தெரிந்தது. "விதி அதுதான். டெஸ்ட் தப்புன்னு நான் தனியா எழுதி அனுப்பறேன். அவங்க மாத்தறாங்களோ இல்லையோ தெரியாது. இன்னைக்கு இது சிவப்பு." கையெழுத்துப் போட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. நூர்ஜஹானுக்கு இருபத்திரண்டும் பச்சை, அவள்தான் அழுதாள்.

பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நிற்கும்போது மேடம் வெளியே வந்தார். "அஞ்சாவது மாடியில ஒரு அப்ளிகேஷன் இருக்கு. பதினாறு வருஷம் பழசு. துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்கறதுக்கு. எழுதினவங்க ஒருத்தர்கூட இப்ப இங்க இல்லை. பாடம், புத்தகம், படிப்படியா செய்யற முறை, எதுவும் கிடையாது. அதனால பயிற்சில தேறினவங்க யாரும் அங்க போறதில்லை. தேறாதவங்களை எடுத்துக்க அவங்களுக்கு அனுமதி உண்டு. மூணு மாசம் பாப்பாங்க, சரியா வரலைன்னா அவங்களே அனுப்பிடுவாங்க. இதை நான் உதவியாச் சொல்லலை. போனவங்க பலபேர் என்னைத் திட்டியிருக்காங்க." லிஃப்ட் வந்தது, கீழே போகிற லிஃப்ட், கதவு திறந்து நின்றது, உள்ளே யாரும் இல்லை. கீழே தெரு, பேருந்து, ஹாஸ்டல், பிறகு ரயில். கதவு தானாக மூடிக்கொண்டது. மாடிப்படியில் ஏறினேன், மூன்றிலிருந்து ஐந்து, முட்டி வலித்தது.

ஐந்தாவது மாடியில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை. மூலையில் ஒரு நீளமான மேஜை, ஏழெட்டுப் பேர், யாரும் நிமிரவில்லை. ஜோதிலிங்கம் என்பவர்தான் பொறுப்பாளர் என்றார்கள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார், என் படிவத்தைப் பார்த்தார், அந்தச் சொல்லில் அவர் கண் நின்றது. "கீழ தேறலையா?" "இல்ல சார்." "ஏன்?" "அவங்க சொன்ன மாதிரி செய்யலை." உம் என்றார், நல்லதென்றோ கெட்டதென்றோ தெரியாத ஒரு உம். தன் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு பெரிய ஃபைல், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது, எட்டாயிரம் வரி இருக்கும், நடுவில் யாரோ எழுதி வைத்த குறிப்பு: ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை, தொடாதீர்கள். "இந்த மாதிரி நானூறு ஃபைல் இருக்கும்மா. பார்த்த உடனே நிறைய பேர் மத்தியானத்துக்குள்ள கீழ எறங்கிப் போயிடுவாங்க. தப்பில்லை, போறதுன்னா இப்பவே சொல்லிருங்க, எனக்கும் நேரம் மிச்சம்." சுவரில் மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. மேஜையின் ஓரத்தில் ஒரு நாற்காலி இருந்தது, அதன் மேல் பழைய காகிதக் கட்டுகள், தூசி. கட்டுகளை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தேன். முந்தானை நுனியால் நாற்காலியைத் துடைத்தேன், உட்கார்ந்தேன், மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"தொடாதீங்கன்னு எழுதியிருக்கே சார், அந்த இடத்துக்குப் போங்க."